அண்ணன் கை காய்த்த கோடை

உங்களில் எத்தனை பேர் இன்னும் அந்த அட்டையை வைத்திருக்கிறீர்கள்? வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பெயரைப் பதிந்தால் கொடுப்பார்களே, அதைத்தான் கேட்கிறேன். புதுப்பிக்க மறந்தால் சீனியாரிட்டி போய்விடும் என்று பயந்து தஞ்சாவூருக்குப் பஸ் ஏறி, வெயிலில் வரிசையில் நின்று முத்திரை வாங்கிக்கொண்டு வந்தோமே. அதற்காகக் கால்கடுக்க நிற்காதவர்கள் நம் வயதில் குறைவு. எனக்கு அந்த அட்டையால் வேலை கிடைத்தது. முப்பது வருடத்துக்கு மேல் அரசாங்கச் சம்பளம் வாங்கி, இப்போது பென்ஷனும் வாங்குகிறேன். ஆனால் நான் சொல்ல வந்தது என் அட்டையைப் பற்றி இல்லை. என் அண்ணனின் கையைப் பற்றி.

எங்கள் ஊர் பூதலூருக்குப் பக்கம். அண்ணன் எனக்குப் பதிமூன்று வயது மூத்தவன். எங்கள் குடும்பத்தில் அவனுக்கு முன்னால் பட்டம் வாங்கியவர் யாரும் இல்லை. பி.எஸ்சி. முடித்துவிட்டு மூன்று வருடமாக வீட்டில் இருந்தான். "தம்பி என்ன பண்றாப்ல?" என்று யாராவது கேட்டால் அப்பா, "கார்டு வரணும்" என்பார். நேர்முகத்துக்கு வரச் சொல்லி வேலைவாய்ப்பு அலுவலகத்திலிருந்து வரும் கார்டு. இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் அம்மா பித்தளைச் சொம்பில் தணல் போட்டு அவனுடைய வெள்ளைச் சட்டையைத் தேய்த்துக் கொடுத்தாள். சட்டையில் லேசாகக் கரி வாசனை அடிக்கும். அதைப் போட்டுக்கொண்டு போய்விட்டு, சாயங்காலம் எனக்குப் பக்கோடாப் பொட்டலத்தோடு திரும்பி வந்தான். "ஒரு எடத்துக்கு ஊரே வந்து நிக்குது பாப்பா" என்று மட்டும் சொன்னான்.

நான் சொல்லும் கோடையில் நான் ஐந்தாம் வகுப்பு முடித்திருந்தேன். முந்தின வருடம் ஆற்றில் தண்ணீர் சரியாக வரவில்லை. இந்த வருடமும் மேட்டூர் திறப்பதாக இல்லை என்று ஊரில் பேச்சு. குறுவை போனால் அடுத்த சம்பாவையும் நம்ப முடியாது. அப்பாவின் சித்தப்பா ஒருவர் இப்படி ஒரு வறட்சியில்தான் நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறி மலேயாவுக்குப் போனார். திரும்பி வரவேயில்லை. ஆனால் எங்கள் வீட்டில் அவரைப் பற்றிப் பேசும்போது யாரும் வருத்தப்பட்டு நான் பார்த்ததில்லை. "தப்பிச்சாரு" என்றுதான் சொல்வார்கள். நிலமும் சோறு போடாமல் படிப்பும் சோறு போடாமல் போனால் கடலைத் தாண்டுவது என்று எங்கள் பக்கத்தில் எப்போதோ முடிவாகிவிட்டது. இப்போது கப்பலுக்குப் பதிலாக விமானம், மலேயாவுக்குப் பதிலாக அரபு நாடு. அப்பா ஆற்றோரத்துக் கொல்லையை விற்று ஒரு ஏஜென்ட்டைப் பிடித்துவிட்டார்.

அந்த ஏஜென்ட் கூலிங் கிளாஸும் சென்ட் வாசனையுமாக வந்து எங்கள் முற்றத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தது இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. அண்ணன் தன் சர்டிஃபிகேட்டுகள் இருந்த ஃபைலை எடுத்துவந்து நீட்டினான். அவர் அதைத் தொடவேயில்லை.

"தம்பி, இத மொதல்ல பொட்டிக்குள்ள வச்சுப் பூட்டுங்க. மெட்ராஸுக்கு வர்ற கம்பெனிக்காரன் கூலி வேலைக்கு ஆள் எடுக்க வர்றான். படிச்சவன்னு தெரிஞ்சா வேணாம்னுடுவான். படிச்சவன் சட்டம் பேசுவான், ரெண்டாம் மாசமே ஆபீஸ் வேலை கேப்பான். அவன் பாக்குறது ஒண்ணே ஒண்ணுதான். கைய நீட்டுங்க பாப்போம்."

அண்ணன் நீட்டினான். ஏஜென்ட் அவன் உள்ளங்கையைக் கட்டைவிரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார்.

"வாழத்தண்டு மாதிரில்ல இருக்கு. மாட்டுக்குப் பல்லப் புடிச்சுப் பாக்குற மாதிரி அவன் கையத் தடவிப் பாப்பான். காய்ப்பு இல்லன்னா போகச் சொல்லிடுவான். ஒன்றர மாசம் இருக்கு. மம்பட்டியப் புடிக்கச் சொல்லுங்க."

அப்பா தலையாட்டினார். மகன் கையில் மண்வெட்டி படக்கூடாது என்று கல்லூரிக்கு அனுப்பிய அதே அப்பா.

மறுநாளே அண்ணன் வாய்க்காலில் இறங்கினான். தண்ணீர் வருகிறதோ இல்லையோ, கோடையில் வாய்க்காலைத் தூர்வாருவது வழக்கம். ஆட்கள் வரிசையாக நின்று மண்ணை வெட்டிக் கரையில் போடுவார்கள். அந்த வரிசையில் கடைசி ஆளாக அண்ணன், இடுப்பில் துண்டோடு. லீவில் இருந்த நான் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பேன். காய்ந்த சேற்றுக்கும் நத்தை ஓட்டுக்கும் ஒரு வாசனை உண்டு. இப்போது அது மூக்கில் ஏறினால் முந்தானையால் மூக்கை மூடிக்கொள்கிறேன்.

மூன்றாம் நாள் அவன் கையெல்லாம் கொப்புளம். ஐந்தாம் நாள் அவை உடைந்து மண்வெட்டிக் காம்பில் ரத்தம் ஒட்டியது. கூடையில் மண் சுமந்த ஒரு பெண் அதைப் பார்த்துவிட்டு விசாரித்தாள். விஷயத்தைச் சொன்னதும் கூடையை இறக்கி வைத்துவிட்டுச் சிரித்தாள்.

"காய்ச்ச கைதான் வேணுமாமா? எங்க வீட்டுல அஞ்சு பேருக்கும் இருக்கே தம்பி. எங்கள ஏன் எவனும் வந்து கூப்புடல?"

அண்ணன் குனிந்து காம்பைத் துண்டால் துடைத்தான். யாராவது வந்து கூப்பிடக் கொல்லை வேண்டும், விற்பதற்கு. அது அவனுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். மறுபடி மண்வெட்டியை எடுத்துக்கொண்டான்.

வீட்டில் அம்மாவுக்கும் அப்பாவுக்கும் இந்தக் கையை வைத்துத் தினமும் சண்டை. அம்மா தேங்காய் எண்ணெயில் மஞ்சள் குழைத்துத் தடவ வருவாள். "எண்ணெய் தடவாத, எளகிடும்" என்று அப்பா கிண்ணத்தைப் பிடுங்குவார். அவர் வெளியே போனதும் அம்மா மறுபடி தடவுவாள். சாயங்காலம் அப்பா வந்து அண்ணன் கையை முகர்ந்து பார்ப்பார். பிள்ளையின் கை ஆற வேண்டும் என்று ஒருத்தி, ஆறக்கூடாது என்று ஒருத்தர். நடுவில் அண்ணன் அந்தக் கையாலேயே சோற்றைப் பிசைந்து, குழம்பு பட்டு எரியும்போது பல்லைக் கடித்துக்கொள்வான்.

கை தேறிக்கொண்டு வந்தது. வாய் தேறவில்லை. கம்பெனிக்காரன் திடீரென்று இங்கிலீஷில் ஏதாவது கேட்டால் புரியாதது போல விழிக்க வேண்டும் என்பது ஏஜென்ட் உத்தரவு. அதற்கு ஒத்திகை பார்க்க அப்பாவுக்கு இங்கிலீஷ் தெரியாது. அதனால் என்னைக் கூப்பிட்டார். ஆறாம் வகுப்புக்கு முன்கூட்டியே வாங்கியிருந்த புத்தகத்திலிருந்து நான் கேள்வி கேட்க வேண்டும். அண்ணன் சுவரோரம் குத்தவைத்து உட்கார்ந்து பேந்தப் பேந்த விழிக்க வேண்டும். எனக்கு ஏ, பி, சி, டி சொல்லிக்கொடுத்ததே அவன்தான்.

முதல் நாள் நான் ஒரு பாடத்தை வாசித்தேன். தீவு என்று பொருள் வரும் சொல்லை "இஸ்லேண்ட்" என்று படித்துவிட்டேன். "ஐலண்ட், பாப்பா. எஸ்ஸு சத்தம் வராது" என்றான் அண்ணன், பழக்கத்தில்.

"போச்சு!" என்று அப்பா தலையில் அடித்துக்கொண்டார். நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அந்தக் கோடையில் நாங்கள் சேர்ந்து சிரித்தது அது ஒன்றுதான்.

நாலைந்து நாள் போனது. அவனைச் சிரிக்க வைக்கலாம் என்று வேண்டுமென்றே அதே சொல்லைத் தப்பாகப் படித்தேன். அவன் திருத்தவில்லை. என்னைத் தெரியாதவன் போலப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். மறுபடியும் தப்பாகப் படித்தேன். அதே பார்வை. அப்பாவுக்கு ஒரே சந்தோஷம். நான் புத்தகத்தை வைத்துவிட்டுக் கொல்லைப்பக்கம் போய் அழுதேன்.

கையெழுத்தும் கூடாதாம். ஏஜென்ட் ஊதா மைப்பெட்டியோடு வந்தார். ஒப்பந்தக் காகிதத்தைப் பார்த்ததும் அண்ணன் பேனாவைத் தேடிச் சட்டைப்பையில் கைவிட்டான். ஏஜென்ட் அவன் இடது பெருவிரலைப் பிடித்து மையில் அழுத்திக் காகிதத்தில் உருட்டினார். எங்கள் அப்பா கைநாட்டு. அவருடைய அப்பாவும் கைநாட்டு. மகன் வாங்கிய பட்டத்தைக் கண்ணாடி போட்டு மாட்டியிருந்த சுவருக்குக் கீழேயே இது நடந்தது. மை போகும்வரை அண்ணன் இடது கையை மடக்கியே வைத்திருந்தான்.

மெட்ராஸுக்குக் கிளம்புவதற்கு முதல் நாள் தெருமுனையில் தபால்காரர் சைக்கிளை நிறுத்தினார். "அண்ணனுக்குக் கார்டு வந்துருக்கு பாப்பா. ஓடிப்போய்க் குடு. இந்தத் தடவ அமைஞ்சுடும் பாரு" என்றார்.

வாங்கிக்கொண்டு வாய்க்காலைப் பார்த்து ஓடினேன். அப்படி ஓடியது எனக்குக் காலில் இன்னும் ஞாபகம் இருக்கிறது. கார்டு வந்துவிட்டால் அண்ணன் போக வேண்டாம். மறுபடி ஒழுங்காகப் பேசுவான். எனக்கு அவ்வளவுதான் கணக்கு. பாதி வழியில் அப்பா எதிரில் வந்தார்.

"என்னா அது? படி."

படித்தேன். தஞ்சாவூரில் ஒரு அரசு அலுவலகத்தில் எழுத்தர் வேலைக்கு நேர்முகம். காலை பத்து மணி. தேதி மெட்ராஸில் கம்பெனிக்காரன் கை பார்க்கும் அதே நாள்.

அப்பா இன்னொரு முறை படிக்கச் சொன்னார். பிறகு கார்டை வாங்கி இரண்டாக மடித்து வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டார். "அண்ணன்கிட்ட நான் சொல்லிக்கிறேன். நீ வாயத் தொறக்காத. இப்ப சொன்னா அவன் மனசு கலைஞ்சுடும்."

"எப்பப்பா சொல்லுவீங்க?"

"ரயிலு ஏறுறதுக்குள்ள சொல்லிடுவேன். அப்பறம் அவன் இஷ்டம். அப்பா சொன்னா சொன்னதுதான்."

நம்பினேன். அப்பாவை நம்பாமல் வேறு யாரை நம்புவது? அன்று சாயங்காலம் சொல்வார் என்று பார்த்தேன். மறுநாள் காலைச் சாப்பாட்டில் சொல்வார் என்று பார்த்தேன். பூதலூர் ஸ்டேஷனுக்கு வண்டி கட்டிப் போகும்போது சொல்வார் என்று பார்த்தேன். அண்ணனும் அன்று அடிக்கடி எங்கள் முகத்தைப் பார்த்தான். பிரிவு வருத்தம் என்று நினைத்துக்கொண்டேன்.

மத்தியானப் பாசஞ்சர். அதில் தஞ்சாவூர் போய் அங்கிருந்து மெட்ராஸ் வண்டி. அப்பாவும் கூடப் போகிறார். அம்மா புளிசாதப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டு நின்றாள். அண்ணன் ஜன்னலோரம் உட்கார்ந்து என்னைக் கூப்பிட்டான். கம்பிக்கு வெளியே கையை நீட்டி என் கன்னத்தைத் தொட்டான். சொரசொரவென்று கீறியது.

"ஏதாச்சும் சொல்லணுமா பாப்பா?"

நான் அப்பாவைப் பார்த்தேன். அவர் கைகாட்டி மரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். ரயில் ஏறுவதற்குள் என்றாரே, ஏறியாயிற்றே, உள்ளே போய்ச் சொல்வாரோ என்று நினைத்தேன். அண்ணன் இன்னும் என் பதிலுக்காகக் குனிந்தபடி இருந்தான்.

"ரெண்டு கலர்ல எழுதுற பேனா வாங்கியா" என்றேன்.

அவன் கையைக் கம்பிக்குள் இழுத்துக்கொண்டான். "சரி பாப்பா" என்றான். வண்டி நகர்ந்தது.

அப்பா மட்டும் திரும்பி வந்தார். கம்பெனிக்காரன் கையைத் தடவிப் பார்த்ததும் எடுத்துக்கொண்டானாம். விமானம் வரைக்கும் ஏஜென்ட்டின் லாட்ஜில் இருக்க வேண்டுமாம். இனி தேவைப்படாது என்று வெள்ளைச் சட்டையை அப்பா திருப்பிக் கொண்டுவந்திருந்தார். நான் அவரைத் தனியாகப் பிடித்தேன். "சொன்னீங்களாப்பா?"

"சொல்லாம இருப்பனா? அவனே வேணாம்னுட்டான்."

எனக்கு மூச்சு வந்தது. அவனே வேண்டாம் என்று சொல்லிவிட்டால் பிறகு என்ன? அந்த ஒரு வார்த்தையை வைத்துக்கொண்டு நான் நிம்மதியாகப் படித்தேன், வளர்ந்தேன். அவன் அனுப்பியதில்தான் எல்லாம் நடந்தது. இரண்டு வருடம் கழித்து முதல் லீவில் வந்தபோது பேனாவையும் கொண்டுவந்தான். சிவப்பும் நீலமும். அது எப்போதோ தொலைந்துவிட்டது.

அங்கே அவனுக்குக் கான்கிரீட் வேலை. சம்பளம் வாங்க மாதாமாதம் பெருவிரல். ஒருநாள் சாப்பாடு கட்டிவந்த இங்கிலீஷ் பேப்பரைப் படித்துக்கொண்டிருந்தபோது மேற்பார்வையாளன் வந்துவிட்டானாம். சட்டென்று தலைகீழாகத் திருப்பிப் பிடித்துக்கொண்டானாம். பொய் சொல்லி வந்தவன் என்று தெரிந்தால் அனுப்பிவிடுவார்கள் என்ற பயம். இதை லீவில் வந்தபோது வேடிக்கை போலச் சொன்னான். எல்லாரும் சிரித்தோம். பட்டம் வாங்கிய கையைக் கடைசி வரை அவன் அங்கே யாருக்கும் காட்டவில்லை. எனக்குக் கார்டு வந்து வேலை கிடைத்தபோது எழுதினான்: "நம் வீட்டுக்கும் ஒரு கார்டு ஒழுங்காக வந்து சேர்ந்ததே, அதுவே பெரிய சந்தோஷம்." அதில் எனக்கு ஒன்றும் உறைக்கவில்லை.

அப்பா படுக்கையில் விழுந்த கடைசி மாதத்தில், நான் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது, "அன்னைக்கு நான் அவன்கிட்ட சொல்லல பாப்பா" என்றார். எதைப் பற்றி என்று நான் கேட்கவில்லை. "மூணாவது தடவையும் வெறுங்கையோட வந்திருந்தா என்ன பண்றது? கொல்லையும் போச்சு" என்றார். அதோடு விட்டிருந்தால் மன்னித்திருப்பேனோ என்னவோ. கையைப் பிடித்துக்கொண்டு, "நீ சொல்லிடாத" என்றார்.

ஏமாற்றினார் என்று சொல்ல எனக்குக் கூச்சமில்லை. அண்ணனை ஏமாற்ற என் வாயை வாடகைக்கு எடுத்தார். என்னை ஏமாற்ற அண்ணன் பேரில் ஒரு பொய் சொன்னார். சாகும்போதும் அதே பூட்டை என் வாயில் மாட்டிவிட்டுப் போனார். அவர் போன பிறகு பட்டா இருந்த தகரப் பெட்டியில் அந்தக் கார்டு இரண்டாக மடித்தபடி கிடந்தது. அதே நேர்முகத்துக்குப் போன அண்ணனின் கல்லூரித் தோழர் ஒருவர் அந்த எழுத்தர் வேலையில் சேர்ந்து, பெரிய நாற்காலி வரைக்கும் உயர்ந்து ஓய்வு பெற்றார். கல்யாண வீடுகளில் அவரைப் பார்த்தால் நான் வேறு பக்கம் போய்விடுவேன்.

அண்ணன் முடி நரைத்து ஊருக்கே திரும்பிவிட்டான். கார்டைக் கைப்பையில் வைத்துக்கொண்டு எத்தனையோ முறை அவன் வீட்டுக்குப் போயிருக்கிறேன். காப்பி குடித்துவிட்டு அப்படியே திரும்பியிருக்கிறேன். போன மாதமும் போனேன். அவன் பேரன் இன்ஜினீயரிங் முடித்தவன். சிங்கப்பூருக்குப் போக வெல்டிங் கற்றுக்கொண்டிருக்கிறான். "டிகிரிய வெளில காட்டாதன்னு ட்ரெயினிங் சென்டர்ல சொல்லிட்டாங்க அத்தப்பாட்டி" என்று சிரித்தான். அண்ணன் சிரிக்கவில்லை. எழுந்து, "ரேஷன் கடைக்குப் போகணும், வர்றியா?" என்றான்.

குடும்ப அட்டையில் உள்ளவர்கள் எல்லாரும் வந்து விரல் வைக்க வேண்டுமாம். கடையில் இருந்த பெண் மெஷினை நீட்டினாள். அண்ணன் பெருவிரல் வைத்தான். துணியால் துடைத்து வைத்தான். பத்து விரலையும் வைத்துப் பார்த்தாயிற்று. நாற்பது வருடச் சிமெண்ட் ரேகையைத் தின்றுவிட்டிருந்தது.

"ஒண்ணுமே விழல தாத்தா. கையெழுத்துப் போடத் தெரியுமா?"

"தெரியாதும்மா" என்றான் அண்ணன். யோசிக்கவேயில்லை. அரபு நாட்டில் கேட்டவர்களுக்கெல்லாம் சொல்லிச் சொல்லிப் பழகிய பதில்.

"அவரு பி.எஸ்சி. படிச்சவரும்மா! நோட்ட இப்புடிக் குடு!" என்று கத்திவிட்டேன். கடையில் எல்லாரும் திரும்பினார்கள். அண்ணன் பேனாவை வாங்கி, இனிஷியல் போட்டு, மெதுவாக இங்கிலீஷில் கையெழுத்திட்டான். அழகான கையெழுத்து.

திரும்பும் வழியில் வாய்க்கால் மதகில் உட்கார்ந்தோம். இதற்கு மேல் என்னால் முடியவில்லை. கைப்பையைத் திறந்து கார்டை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். கண்ணாடி இல்லாததால் எட்டத்தில் பிடித்து, மடிப்பை நீவி, முழுவதும் படித்தான்.

"காலை பத்து மணி" என்றான்.

"தபால்காரர் என்கிட்டதான் குடுத்தாரு அண்ணே. அப்பா…"

"தெரியும். அன்னைக்கே தபால்காரர் வாய்க்காப் பக்கம் வந்து, 'பாப்பா கார்டு குடுத்துச்சா'ன்னு கேட்டுட்டுத்தான் போனாரு."

அவன் கட்டைவிரல் இன்னும் மடிப்பை நீவிக்கொண்டிருந்தது.

"வீட்டுக்கு வந்து பாத்தேன். அப்பா பேசல. சரி, அவரு கஷ்டம் அவருக்கு. ஆனா நீ சொல்லிடுவேன்னு இருந்தேன். நீ ஒரு வார்த்த சொல்லியிருந்தா எறங்கியிருப்பேன்." கார்டைப் பழைய மடிப்பிலேயே மடித்து என்னிடம் திருப்பிக் கொடுத்தான். "ஸ்டேஷன்ல கேட்டுக்கூடப் பாத்தேன், ஏதாச்சும் சொல்லணுமான்னு. நீ பேனா கேட்ட."